யார் முதலில் போனை வைப்பது?

தம்பி மறுபடியும் இருமினான்.

சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. சமையலறைக்குள் போகப் போகிறான், அவ்வளவுதான். உள்ளே அக்கா வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ போடுகிறாள். பின்னால் யாராவது சத்தமில்லாமல் வந்து நின்றால் அவளுக்குத் தூக்கிவாரிப் போடும், கையில் இருப்பது கீழே போகும். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் இரண்டு கண்ணாடி டம்ளரும் ஒரு பீங்கான் கிண்ணமும் அப்படித்தான் போயின. அன்றிலிருந்து தம்பி எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவனுக்கு முன்னால் அவன் இருமல் நுழையும்.

"நேத்து கீழ் வீட்டுக்காரர் என்னைப் படியில நிறுத்திட்டார்" என்றாள் அவன் மனைவி. "ஒரு பாட்டில் தேன் குடுத்து, உங்க வீட்டுக்காரருக்குக் குடுங்கன்னார். மருந்துக் கடையில வேலை பாக்கறவ, சொந்தப் புருஷன் இருமலுக்கு ஒரு மருந்து குடுக்க மாட்டேங்கறாளேன்னு கட்டடம் முழுக்கப் பேச்சாம்."

"தேனை வாங்கிக்கிட்டியா?"

"நல்ல தேன். விடுவேனா?"

அக்கா திரும்பாமலேயே சிரித்தாள். இந்த வீட்டில் காலையில் சிரிப்புச் சத்தம் கேட்பது இப்போதெல்லாம் சகஜமாகிவிட்டது. தம்பிக்கு அதுவே போதும். ஆனால் இன்று அவனால் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள முடியவில்லை. டீயை வாங்கிக்கொண்டு டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

காரணம், போன வாரம் அவன் வாயிலிருந்து வந்த ஒரு "சரி".

வாராவாரம் கூடவே வருபவர்களுக்கு இது தெரியும். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். அக்கா கல்யாணமாகிக் கணவன் பின்னால் இந்த நாட்டுக்கு வந்தவள். வேற்று மொழி, வேற்று ஜனம், வீட்டுக்குள் அடி. ஒரு காலையில் ஒரே ஒரு பையோடு ரயில் ஏறித் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கணவன் ஒரு தடவை தெருவில் வந்து நின்று கத்தினான், போலீஸ் எச்சரித்து அனுப்பியது, அதன் பிறகு ஆளைக் காணோம். அவன் முறுக்கிய இடது தோள் மட்டும் அக்காவோடு வந்தது. கை மேலே போகாது. தலை சீவத் தம்பி மனைவிதான் உதவ வேண்டியிருந்தது.

அவர்களுக்கு இந்த நாட்டில் பெரியவர் என்று இருப்பவர் பெரியப்பா ஒருவர்தான். அக்காவின் கல்யாணத்தை முடித்து வைத்தவர். தம்பி வந்திறங்கியபோது படுக்க இடம் கொடுத்தவர், லிஃப்ட் மெக்கானிக் வேலைக்குக் கைகாட்டி விட்டவர். அக்காவின் கணவன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. அவர் போன வாரம் போன் செய்து, "செவ்வாய்க்கிழமை சாயந்தரம் வீடியோவுல உக்காந்து பேசி முடிச்சுடலாம்டா" என்றார். தம்பி, யோசிப்பதற்கு முன்னால், "சரி பெரியப்பா" என்றான்.

செவ்வாய்க்கிழமை இன்றுதான். சாயந்தரம் ஆறு மணிக்குப் பேச்சு.

"ஏங்க, நீங்க முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல" என்று மனைவி இந்த வாரம் முழுக்கக் கேட்டுவிட்டாள். அந்தக் குடும்பத்தில் பெரியப்பாவிடம் யாரும் முடியாது என்று சொன்னதில்லை. அது மட்டுமா? அவர் போனை வைக்கும் முன்னால் யாரும் வைத்ததுகூட இல்லை. பெரியவர்கள் வைத்த பிறகுதான் சின்னவர்கள் வைக்க வேண்டும். அவர் பேசிக்கொண்டே போனால் இந்தப் பக்கம் சோறு ஆறும், பஸ் போகும், "உம்" கொட்டிக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

தம்பியின் பயம் ஒன்றுதான். முன்பு ஒரு தடவை அக்கா வலிக்கிற தோளோடு பெரியப்பா வீட்டுக்கு ஓடிப் போனாள். அவர் உட்கார வைத்துப் பேசினார். நல்லபடியாகத்தான் பேசினார். பேசி முடித்தபோது அக்கா "சரி பெரியப்பா" என்று சொல்லியிருந்தாள். அன்று சாயந்தரமே அவரே அவளைக் கணவன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். இன்றும் அவள் வாயிலிருந்து அதே வார்த்தை வந்துவிட்டால்?

"அக்கா, வேணாம்னா வேணாம். நான் இப்பவே போன் பண்ணி நிறுத்திடறேன்."

"நீ நிறுத்துவே?" என்றாள் அக்கா. கேலியாகத்தான் கேட்டாள், ஆனால் அன்பாக. "முதல்ல டீயைக் குடிடா. எனக்கு வகுப்புக்கு நேரமாச்சு."

*

வகுப்பு என்பது சுகாதார நிலையத்தின் மாடியில் நடப்பது. திங்கட்கிழமை அந்த அறையில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி. அதனால் மூலையில் எடை பார்க்கும் தொட்டில் இருக்கும், சுவர் முழுக்க வாத்துப் படம் ஒட்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை ஜன்னல் திரையை இறக்கிவிட்டு, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, தமிழ் பேசும் நர்ஸ் ஒருத்தி நடத்துகிறாள். எல்லாரும் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிறவர்கள் எல்லாரும் வெளியிலிருந்து இந்த நாட்டுக்கு வந்தவர்கள், வீட்டுக்குள் அடி வாங்கியவர்கள்.

ஆரம்பத்தில் ஒரு பெரிய டாக்டர் வந்து ஆளுக்கொரு ரப்பர் பட்டை கொடுத்தார். தினமும் இழுங்கள், தோள் சரியாகும் என்றார். எல்லாரும் பவ்யமாக வாங்கிக்கொண்டு போனார்கள். மறு வாரம் சிஸ்டர் கேட்டபோது ஒருத்தியும் இழுத்திருக்கவில்லை. ஒருத்தி அதால் மாவுப் பையைக் கட்டியிருந்தாள், நல்ல பிடிமானம் என்று பாராட்டு வேறு. டாக்டர் மறுபடியும் பட்டை அனுப்பினார். சிஸ்டர் அதைப் பீரோவில் வைத்துவிட்டு, "அடுத்த வாரம் ஆளுக்கொரு சேலை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

நீளச் சேலையை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, கையை உயரத் தூக்கி உதறி, இழுத்து, பாதியாக்கி, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து முனையைக் கையில் கொடுக்க வேண்டும். தோளுக்கு வேண்டிய பயிற்சி எல்லாம் அதில் இருக்கிறது. தோளுக்கு வேண்டாத ஒன்றும் இருக்கிறது. எதிரே ஒரு ஆள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கிட்டே வருவாள்.

முதல் நாள் அப்படி ஒருத்தி வந்தபோது அக்கா முனையை விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சிஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. விழுந்த முனையை எடுத்துக் கொடுத்தாள், தானே எதிர் முனையைப் பிடித்துத் தள்ளி நின்றாள், "வரட்டுமா?" என்றாள். அக்கா தலையை ஆட்டவில்லை. சிஸ்டரும் வரவில்லை. அந்தச் சேலை அன்றைக்கு முழுக்க நடுவில் தொங்கிக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் அக்கா "வாங்க" என்றாள். அதிலிருந்து அந்த அறையில் அதுதான் சட்டம். யாரும் கேட்காமல் கிட்டே வர மாட்டார்கள்.

இன்று அக்கா சேலையைத் தலைக்கு மேலே தூக்கி உதறினாள். பட்டென்று சத்தம் வந்தது.

"கையைப் பாருங்க, கையை" என்றாள் எதிரே நின்ற பேக்கரிக்காரி. பேக்கரியில் மாவு பிசைந்து பிசைந்து இரும்பான கை அவளுக்கு, குரலும் அப்படித்தான். "கூரையைத் தொடுது."

"இன்னிக்கு எனக்கு இது போதாது" என்றாள் அக்கா. "சாயந்தரம் பெரியப்பாகிட்ட பேசணும்."

விஷயத்தைச் சொன்னாள். மடிப்பு பாதியிலேயே நின்றது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். இப்படி ஒரு பெரியப்பாவோ மாமாவோ சித்தப்பாவோ அந்த வட்டத்தில் எல்லாருக்குமே இருந்தார்.

"பேச இஷ்டமில்லன்னா பேசவே வேணாம்" என்றாள் சிஸ்டர். "உங்க தம்பிகிட்ட நான் வேணா சொல்லட்டுமா?"

"இல்ல சிஸ்டர். நானே பேசணும். ஒரு தடவை அவர்கிட்ட சரின்னு சொல்லிட்டேன். அது இன்னும் எனக்கு அவமானமா இருக்கு. என்ன கஷ்டம்னா, அவர் கெட்டவர் மாதிரி பேச மாட்டார். நல்லவர் மாதிரிதான் பேசுவார்."

"அப்ப ஒரு ஒத்திகை பாத்துடலாம். பெரியப்பா யாரு?"

பேக்கரிக்காரி ஏற்கெனவே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். காலைப் பரப்பி உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, இல்லாத மீசையை நீவிக்கொண்டாள்.

"நான் உன்னைக் கட்டாயப்படுத்தறவன் இல்லம்மா. உன் இஷ்டம்தான். எப்ப கிளம்பறே?"

அறையே சிரித்தது. அக்காவும் சிரித்தாள், பிறகு எழுந்து நின்றாள். பெரியப்பா முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லை.

"உக்காருங்க" என்றாள் சிஸ்டர். "வீடியோவுல நிக்கறது தெரியாது."

உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதை அவளே யோசித்து வைத்திருந்தாள். "நான் நல்லா இருக்கேன் பெரியப்பா. இங்கதான் இருப்பேன்." முதல் தடவை சொன்னபோது "இங்க" வரைக்கும்தான் குரல் வந்தது. இரண்டாவது தடவை முழுசாக வந்தது, ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டு. மூன்றாவது தடவை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

பேக்கரிக்காரி விடுகிற மாதிரி இல்லை. பெரியப்பாவாகவே மாறிவிட்டாள். வளர்த்த கதை, படிக்க வைத்த கதை, கல்யாணச் சாப்பாட்டில் அப்பளம் தீர்ந்துபோன கதை என்று எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தாள். அக்கா "உம், உம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்க அவள் தோள் கீழே இறங்குவதை சிஸ்டர் பார்த்தாள்.

"நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சுல்ல. இன்னும் ஏன் கேட்டுக்கிட்டிருக்கீங்க?"

"அவர் இன்னும் வைக்கலையே சிஸ்டர்."

எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. அப்போதுதான் கதவோரம் உட்கார்ந்திருந்த புதுசு வாயைத் திறந்தாள். அவள் வர ஆரம்பித்துச் சில வாரங்கள்தான் ஆகின்றன, பேர்கூட இன்னும் சொல்லவில்லை. அதனால்தான் புதுசு.

"நாம வெச்சா என்ன ஆகும்?"

மொழி தெரியாத நாட்டில் கைப்பிள்ளையோடு இறங்கியவள் அங்கே இருந்தாள். பூட்டிய கதவை உடைத்துக்கொண்டு வெளியே வந்தவள் இருந்தாள். ஆனால் பெரியவர் ஒருவர் பேசும்போது போனை வைத்தவள் ஒருத்திகூட இல்லை. அப்படி ஒன்று செய்யலாம் என்பதே அவர்களுக்குத் தோன்றியதில்லை.

"அதையும் பழகிடலாம்" என்றாள் சிஸ்டர்.

பேக்கரிக்காரி வராந்தாவுக்குப் போய் அங்கிருந்து அக்காவுக்கு போன் செய்தாள். அக்கா தன் வசனத்தைச் சொன்னாள். பிறகு, "வைக்கட்டுமா பெரியப்பா?" என்றாள்.

"வைக்காதே" என்றது போன்.

அக்கா வைக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். "கேக்கக் கூடாது அக்கா, சொல்லணும்" என்றாள் புதுசு. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இன்னொரு தடவை. "வெச்சுடறேன் பெரியப்பா." விரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலே நின்றது, தயங்கியது, தொட்டது. சத்தம் நின்றது. அக்கா போனையே பார்த்தாள். கூரை இடிந்து விழவில்லை, வாத்துகள் எல்லாம் சுவரிலேயே இருந்தன.

"வைக்கணும்னு கட்டாயம் இல்ல" என்றாள் சிஸ்டர். "வைக்க முடியும்னு உங்களுக்குத் தெரிஞ்சா போதும். முடிஞ்சதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க."

*

அதே நேரத்தில் தம்பி ஒரு கட்டடத்தில், இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட்டின் வெளியே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே ஒரு பல் டாக்டரும், அவரிடம் பல் பிடுங்கிக்கொள்ள வந்தவரும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இருவரில் டாக்டர்தான் அதிகம் பயந்திருந்தார்.

இந்த வேலையில் முதல் பாடம், உள்ளே இருப்பவர்களிடம் பேசிக்கொண்டே இருப்பது. என்ன செய்யப் போகிறோம் என்பதைச் செய்வதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். "சார், இப்ப ஒரு சத்தம் கேக்கும், பயப்படாதீங்க." "இப்ப கொஞ்சம் ஆடும், நான் இங்கதான் இருக்கேன்." வீட்டில் அந்த இருமல் வந்ததும் இந்தப் பாடத்திலிருந்துதான்.

இருவரையும் வெளியே எடுத்துவிட்ட பிறகு, தம்பிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. முன்பின் தெரியாத பல் டாக்டருக்கு இத்தனை தைரியம் சொல்ல முடிகிறது. சொந்த அக்காவுக்காக ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையா? நிறுத்திவிட வேண்டியதுதான். கருவிப் பையை மூடிவிட்டு, மாடிப்படியில் நின்று போன் செய்தான்.

"பெரியப்பா, இன்னிக்கு ஆறு மணிக்குப் பேசறதா சொன்னோமே..."

"ஆமாண்டா, நானே சொல்லணும்னு இருந்தேன். ஆறு மணி எனக்குத் தோதுப்படாது. அஞ்சரைக்கே வெச்சுக்கலாம்."

"சரி பெரியப்பா."

"நான் மட்டும்தான் பேசுவேன். மாப்பிள்ளை இருக்க மாட்டார். அவளைப் பயப்படாம இருக்கச் சொல்லு."

"சரி பெரியப்பா."

அவர் போனை வைக்கும்வரை காதிலேயே வைத்திருந்தான். பிறகு மனைவிக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னான்.

"நிறுத்தறதுக்குப் போன் பண்ணி, அரை மணி முன்னாடி வர வெச்சிருக்கீங்க" என்றாள் அவள். "பரவால்ல, வீட்டுக்கு வாங்க. நான் லீவு சொல்லிட்டு வர்றேன்."

*

ஐந்தரைக்கு அக்கா வெறும் சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் கவனத்தைக் கலைக்கிற மாதிரி எதுவும் தெரியக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள். தம்பியின் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தாயிற்று. தம்பி ஒரு பக்கம், அவன் மனைவி ஒரு பக்கம்.

திரையில் முதலில் ஒரு கட்டைவிரல் வந்தது. பெரியம்மாவுடையது. பெரியப்பாவுக்கு வீடியோ எல்லாம் சரியாக வராது. அவர் பேசுவார், பெரியம்மா கை கடுக்க எதிரே பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்த வீட்டின் போன் ஸ்டாண்டே பெரியம்மாதான் என்று இவர்கள் கேலி செய்வதுண்டு. விரல் விலகியதும் பெரியப்பா முகம் வந்தது.

"என்னம்மா, இப்படி இளைச்சுட்டே?"

"மூணு கிலோ கூடியிருக்காங்க" என்று தம்பி மனைவி திரைக்கு வெளியே முணுமுணுத்தாள்.

"நடந்தது நடந்துபோச்சு. அவன் இப்ப ரொம்ப மாறிட்டான். ஞாயித்துக்கிழமை வண்டியில வந்துடு. நானே ஸ்டேஷனுக்கு வர்றேன்."

அக்கா மடியில் இருந்த கையை இறுக்கிக்கொண்டாள். "நான் நல்லா இருக்கேன் பெரியப்பா. இங்கதான் இருப்பேன்."

பெரியப்பா அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. "கோபம் வராத ஆம்பளை யாரும்மா? நான் கோபப்பட்டதில்லையா? உன் பெரியம்மா என்னிக்காவது பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பியிருக்காளா, கேளு."

படம் லேசாக ஆடியது.

"ஒழுங்கா புடி" என்றார் பெரியப்பா, இங்கே பார்த்தபடியே. "ஞாயித்துக்கிழமை வந்தேன்னா..."

"செவ்வாய்க்கிழமை எனக்கு வகுப்பு இருக்கு பெரியப்பா."

"என்ன வகுப்பு?"

ஒத்திகையில் இந்தக் கேள்வி வரவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

"வீட்டுல அடி வாங்கின பொம்பளைங்களுக்கு நடத்தறாங்க. நம்ம பாஷையிலேயே. தோளைப் பாக்கறாங்க, தூக்கம் வருதான்னு கேக்கறாங்க, பயம் போறதுக்கும் சொல்லித் தர்றாங்க. நான் வந்தப்ப கையைத் தூக்க முடியாது பெரியப்பா. இப்ப பாருங்க."

இடது கையைத் தூக்கினாள். திரையின் மூலையில் தெரிந்த அவள் சின்னப் படத்தில், கை உயர்ந்து சட்டத்தைத் தாண்டிப் போயிற்று.

"அதெல்லாம் நடிப்பு மாமா" என்றது ஒரு குரல்.

பெரியப்பாவின் குரல் இல்லை அது. அக்காவின் கை தானாக இறங்கியது. திரையின் ஓரத்தில் ஒரு தோளும் கோடு போட்ட சட்டையும் வந்தன. தம்பி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அந்த முகம் முழுசாக உள்ளே வர இன்னும் ஒரு கணம்தான் பாக்கி.

அதற்குள் படம் கவிழ்ந்தது. கூரை தெரிந்தது. ஒரு குழல்விளக்கு, மெதுவாகச் சுற்றும் ஒரு ஃபேன், வேறு ஒன்றும் இல்லை.

"ஏய், எங்க காட்டறே?" என்று பெரியப்பா சத்தம் போட்டார்.

"கை வலிக்குதுங்க" என்றது பெரியம்மாவின் குரல்.

கணவன் ஏதோ கத்தினான், பெரியப்பா அவனை அடக்கினார், ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா அந்த ஃபேனையே பார்த்தாள். முகத்தைப் பார்க்காதவரை அது வெறும் சத்தம்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. மூச்சை இழுத்து விட்டாள்.

"பெரியப்பா, நீங்க மட்டும்தான் பேசுவேன்னு சொன்னீங்க. அதை நம்பித்தான் உக்காந்தேன். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். வெச்சுடறேன்."

வைத்துவிட்டாள்.

தம்பி மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அண்ணி, வெச்சுட்டீங்களா?"

"வெச்சுட்டேன்."

"பெரியப்பாவையா?"

"பெரியப்பாவைத்தான்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணில் தண்ணீரும் வந்தது. போன் உடனே திரும்ப அடித்தது. அக்கா கையை நீட்டும் முன்னால் தம்பி எடுத்துவிட்டான். அந்தப் பக்கம் பெரியப்பா பொரிந்து தள்ளினார். பெரியவங்கன்னு ஒரு மட்டு மரியாதை இல்லையா, அவளைத் திரும்ப லைனுக்கு வரச் சொல்லு என்றார். மனைவி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு ஒரு தடவை பழைய வார்த்தைக்குத் தயாரானது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

"இல்ல பெரியப்பா" என்றான் தம்பி. "அக்கா சொன்னதுதான் முடிவு. இனிமே இதைப் பத்திப் பேச வேணாம்."

பிறந்ததிலிருந்து "இல்ல", "பெரியப்பா" என்ற இரண்டு சொற்களும் அவன் வாயில் சேர்ந்து வந்ததில்லை. போனை வைக்க மட்டும் அவனுக்கு இன்னும் வரவில்லை. பெரியப்பா திட்டி முடித்துத் தானே வைக்கும்வரை காதில் வைத்துக்கொண்டு நின்றான். அது போகட்டும், ஒரே நாளில் ஒரு மனிதனிடம் எவ்வளவுதான் எதிர்பார்ப்பது.

அக்கா மறக்காமல் சிஸ்டருக்கு மிஸ்டு கால் கொடுத்தாள்.

*

டீ குடித்து முடித்த பிறகு அக்கா உள் அறைக்குப் போனாள். காய்ந்த துணிகள் கட்டிலில் குவிந்து கிடந்தன. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சேலையை எடுத்து உதறினாள்.

தம்பி பின்னாலேயே வந்தான். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அந்தச் "சரி"க்காக. எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே வாசற்படியைத் தாண்டிவிட்டான். இரண்டு எட்டு உள்ளே வந்த பிறகுதான் இருமவில்லை என்பது உறைத்தது. அப்படியே நின்றுவிட்டான்.

"வா" என்றாள் அக்கா, திரும்பாமலேயே. "இந்த முனையைப் புடி."

அவள் கையில் இருந்த சேலை கீழே விழவில்லை. தம்பி முனையைப் பிடித்தான். அவள் காட்டிக்கொடுத்தபடி கையை உயரத் தூக்கினான், உதறினான், பிறகு தூக்கிய கையோடு அவளை நோக்கி நடந்துவந்தான். அவள் கண்கூட இமைக்கவில்லை. அவன் கையிலிருந்து முனையை வாங்கிக்கொண்டாள்.

"முறுக்கிட்டே பாரு. இதென்ன லிஃப்ட் கம்பியா?"

"நான்தான் இருமவே இல்லையே. எப்படிக்கா தெரிஞ்சுது?"

"உன் காலடிச் சத்தம் எனக்குத் தெரியாதாடா? சின்னப் புள்ளையிலேருந்து கேக்கறேன். இத்தனை நாளா உன் இருமல் அதைக் கேக்க விடல."

அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவள் அடுத்த சேலையின் முனையைக் கையில் திணித்தாள். அக்காவுக்குச் சந்தோஷமாக இருந்தது. தன் வீட்டில், தன் சேலையை, தன் இரண்டு கையாலும் மடித்து வைக்கிற சந்தோஷம் அது.

மூன்றாவது சேலை பாதியில் இருக்கும்போது அவளுடைய போன் அடித்தது. எடுத்தாள். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம்தான் முதலில் கேட்டது.

"நான்தான்டி" என்றாள் பெரியம்மா, குரலைத் தாழ்த்தி. "உன் பெரியப்பா அவனைக் கொண்டுவிடப் போயிருக்கார். போனை நான்தான் திருப்பினேன்."

"தெரியும் பெரியம்மா."

"கை வலிக்குதுன்னு சொன்னேனே. அது பொய்யில்ல."

அக்கா சேலையைக் கட்டிலில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தம்பி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"ரொம்ப வருஷமா வலிக்குது" என்றாள் பெரியம்மா. தண்ணீர்ச் சத்தம் நின்றது. "அந்த வகுப்புன்னு சொன்னியே. அதுல வயசு வரம்பு ஏதாவது இருக்கா?"

"இல்ல பெரியம்மா" என்றாள் அக்கா. "எதுவும் இல்ல."

பெரியம்மா அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை, வைக்கவும் இல்லை. அக்காவும் வைக்கவில்லை.